சிறந்த பாடலுக்கு வாக்களிப்போருக்கு ஒரு திறந்த மடல்

‘எல்லாக் காலத்துக்கும் சிறந்த பாப் பாடல்கள்’ என்று பட்டியல் போடும் இசைப் பத்திரிகையாளர்களுக்கும், அவற்றுக்கு வாக்களிக்கும் கலைஞர்களுக்கும், அந்தப் பட்டியல்களோடு மல்லுக்கட்டும் நேயர்களுக்கும்:

பாப் பாடல்களில் தலைசிறந்தது எது என்ற வாதம் ஓய்வதே இல்லை. ரசனை ஆளுக்கு ஆள் மாறுவது அதற்கு ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், வாதாடும் இருவர் மனத்திலும் இருப்பது வெவ்வேறு பொருள். ஒருவர் எடை போடுவது தாளில் எழுதிவைக்கக்கூடிய வரிகளையும் மெட்டையும். மற்றவர் எடை போடுவது குறிப்பிட்ட ஒரு நாளில், குறிப்பிட்ட ஒரு ஸ்டுடியோவில், குறிப்பிட்ட சிலர் பாடி வாசித்துப் பதிவான இரண்டு மூன்று நிமிட ஒலியை. கர்னாடக சங்கீதத்தில் இந்தக் குழப்பம் வராது. தியாகராஜர் கீர்த்தனை வேறு, அதை ஒரு வித்வான் ஒரு கச்சேரியில் பாடியது வேறு என்பது எல்லாருக்கும் தெரியும். பாப் இசையில் இரண்டும் ஒட்டியே பிறக்கின்றன. அங்கே அளக்க வேண்டியது பதிவைத்தான் என்பது இம்மடலின் கட்சி.

அமெரிக்காவின் ‘ரோலிங் ஸ்டோன்’ இதழ் 2004இல் வெளியிட்ட 500 பாடல் பட்டியலில் முதலிடம் பாப் டிலனின் ‘லைக் எ ரோலிங் ஸ்டோன்’. 2010இல் பட்டியலைத் திருத்தியபோதும் அதுவே முதல். 2021இல் புதிதாக வாக்கெடுத்தார்கள். அரீத்தா ஃபிராங்க்ளினின் ‘ரெஸ்பெக்ட்’ முதலிடத்துக்கு ஏற, டிலன் நான்காம் இடத்துக்கு இறங்கினார். இந்த மாற்றத்தைக் காலத்தின் அரசியல் என்று சிலர் ஒதுக்கினார்கள். காலம் கடந்து வந்த நியாயம் என்று சிலர் கொண்டாடினார்கள். இரு தரப்பும் அதிகம் பேசாத விஷயம் ஒன்று உண்டு. ‘ரெஸ்பெக்ட்’ அரீத்தா எழுதிய பாட்டல்ல.

எழுதியவர் ஓட்டிஸ் ரெடிங். 1965இல் அவரே பாடி வெளியிட்டார். உழைத்துச் சம்பாதித்துக்கொண்டு வீடு திரும்பும் ஆண், தன் பெண்ணிடம் மரியாதை கேட்கும் பாட்டு அது. டிரம்பெட்டும் சாக்ஸஃபோனும் தாளத்தை உந்த, கரகரத்த குரலில் விரட்டிக்கொண்டு போகிறார் ரெடிங். நல்ல பாட்டு, கறுப்பின நேயர்களிடம் நன்றாகவே ஓடியது, பொதுப் பட்டியலான பில்போர்டில் 35ஆம் இடம் வரை வந்தது. அதோடு அதன் கதை முடிந்திருக்கலாம்.

1967 பிப்ரவரி 14 அன்று நியூயார்க்கில் அட்லாண்டிக் நிறுவனத்தின் ஸ்டுடியோவில் அரீத்தா அதைப் பாடினார். தயாரிப்பாளர் ஜெர்ரி வெக்ஸ்லர். வாசித்தவர்களில் முக்கியமானோர் தெற்கே அலபாமா மாநிலத்தின் மஸில் ஷோல்ஸ் பகுதியிலிருந்து வரவழைக்கப்பட்டவர்கள். பியானோ அரீத்தாவே. பின்பாட்டு அவருடைய சகோதரிகள் கரோலினும் எர்மாவும். பாடுவது பெண் என்றானதுமே கேட்பவர் யார், கேட்கப்படுபவர் யார் என்பது தலைகீழாகிவிடுகிறது. சம்பாத்தியத்தைக் காட்டி மரியாதை கேட்ட ஆணின் பேச்சு, தன் பணம் தன்னிடம் இருக்கிறது, மரியாதை மட்டும் வந்தாக வேண்டும் என்கிற பெண்ணின் பேச்சாகிறது. வரிகளில் மாறியவை சிலவே. பொருள் முழுவதும் மாறியது.

காதில் விழும் மாற்றங்கள் அதைவிடப் பெரியவை. தலைப்புச் சொல்லை எழுத்தெழுத்தாக உச்சரிக்கும் இடம் ரெடிங்கின் பதிவில் கிடையாது. அரீத்தா அந்த இடத்துக்கு வரும்போது வாத்தியங்கள் எல்லாம் ஒதுங்கி நின்று ஒவ்வோர் எழுத்துக்கும் வழிவிடுகின்றன. அதை ஒட்டிச் சகோதரிகள் ஒரு சின்னச் சொற்கோவையை மூச்சு விடாமல் அடுக்குகிறார்கள். மெல்லிசை மேடையில் கோரஸ் பெண்கள் செய்வதைப் போல அலங்காரமாக இல்லாமல், தாள வாத்தியத்தின் வேலையையே குரலால் செய்கிறார்கள். ரெடிங்கின் பாட்டில் இடையிசைக்குத் தனிப் பகுதி இல்லை. அது தேவைப்பட்டபோது ஸ்டுடியோக்காரர்கள் சாம் அண்ட் டேவ் இரட்டையரின் வேறொரு பாட்டிலிருந்து கார்டுகளை (சுரக்கூட்டுகளை) எடுத்துக்கொண்டார்கள். அதுவரை ஓடிய சுருதிக்குத் தொடர்பே இல்லாத இடத்துக்குப் பாட்டு திடீரென்று தாவ, அங்கே கிங் கர்ட்டிஸின் சாக்ஸஃபோன் ஒலிக்கிறது. பிறகு ஒன்றுமே நடக்காதது போலப் பழைய சுருதிக்குத் திரும்புகிறது. இவ்வளவும் இரண்டரை நிமிடத்துக்குள். அந்த ஆண்டு ஜூன் மாதம் இரண்டு வாரம் பில்போர்டில் முதலிடம். அதே ஜூனில் மான்டரே இசைவிழா மேடையில், ஒரு பெண் இந்தப் பாட்டைத் தன்னிடமிருந்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள் என்று ரெடிங்கே வேடிக்கையாகச் சொன்னார். டிசம்பரில் விமான விபத்தில் இறந்தார். அவருக்குக் கிடைத்த ஒரே பில்போர்டு முதலிடம், இறந்தபின் வெளியான ‘டாக் ஆஃப் தி பே’.

சட்டத்தின் கணக்கு வேறு. அமெரிக்காவில் சாதாரண ஏ.எம்., எஃப்.எம். வானொலியில் பாட்டு ஒலித்தால் எழுதியவருக்கும் பதிப்பாளருக்கும் காப்புரிமைப் பணம் உண்டு, பாடியவருக்குக் கிடையாது. இத்தனை ஆண்டுகளாக அரீத்தாவின் குரலில் ‘ரெஸ்பெக்ட்’ ஒலித்தபோதெல்லாம் வானொலிப் பணம் ரெடிங் தரப்புக்கே போனது. சட்டம் தாளில் உள்ளதைப் பாட்டு என்கிறது. வாக்களித்தவர்கள் ஒலியைப் பாட்டு என்றார்கள். வாக்களித்தவர்கள் சொன்னதே சரி.

பதிவுதான் படைப்பு என்பதற்கு இன்னொரு சாட்சி, பல பதிவுகளின் உயிர்நாடி எழுதும் மேசையில் இல்லாமல் ஸ்டுடியோவில் தற்செயலாகப் பிறந்தது. ‘லைக் எ ரோலிங் ஸ்டோன்’ பாட்டை அடையாளம் காட்டும் ஆர்கன் ஒலியை வாசித்தவர் அல் கூப்பர். 1965 ஜூன் 16 அன்று அவர் கொலம்பியா ஸ்டுடியோவுக்கு வந்தது வேடிக்கை பார்க்க. முடிந்தால் கிட்டார் வாசிக்க. மைக் புளூம்ஃபீல்டின் கிட்டாரைக் கேட்டதும் அந்த ஆசையை விட்டுவிட்டு, காலியாக இருந்த ஹேமண்ட் ஆர்கன் முன் உட்கார்ந்துகொண்டார். ஆர்கன் அவருடைய வாத்தியம் அல்ல. மற்றவர்கள் எந்தக் கார்டுக்குப் போகிறார்கள் என்று கேட்டுவிட்டு ஒரு நூலிழை தாமதமாக அவர் பின்தொடர்வது பதிவில் இன்றும் தெளிவாகக் கேட்கிறது. அதைக் கேட்ட டிலன் ஆர்கன் ஒலியைக் கூட்டச் சொன்னார். தேர்ந்த ஆர்கன் கலைஞர் ஒருவர் உட்கார்ந்திருந்தால் அந்தத் தயக்கம் இருந்திருக்காது. அந்தப் பாட்டும் இப்படி இருந்திருக்காது.

1963இல் தி ரானெட்ஸ் குழுவின் ‘பி மை பேபி’ தொடங்கும் தாளமும் அப்படியே. டிரம்ஸ் வாசித்த ஹால் பிளேன், ஓர் அடியைத் தவறவிட்டதால் அந்த வடிவம் அமைந்தது என்று பின்னாளில் சொன்னார். தவறைத் திருத்தாமல் பாட்டு முழுக்க அதையே பிடித்துக்கொண்டார். அந்தத் தாளத்தைப் பிறகு எத்தனையோ குழுக்கள் எடுத்து ஆண்டிருக்கின்றன. 1985இல் ஜீசஸ் அண்ட் மேரி செயின் குழு ‘ஜஸ்ட் லைக் ஹனி’யை அதே அடிகளோடுதான் தொடங்கியது.

இவற்றில் மனம் கசக்கும் கதை சாலமன் லிண்டாவுடையது. தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த ஜூலு பாடகரான அவர் 1939இல் ஜொகன்னஸ்பர்க்கில் தன் குழுவோடு ‘ம்பூபே’ பாட்டைப் பதிவு செய்தார். பதிவின் கடைசிப் பகுதியில், முன்கூட்டி யோசிக்காமல், மேல் ஸ்தாயியில் ஒரு மெட்டை இழுத்தார். அதுவே 1961இல் தி டோக்கன்ஸ் குழு பாடி அமெரிக்காவில் முதலிடம் பிடித்த ‘தி லயன் ஸ்லீப்ஸ் டுநைட்’ பாட்டின் முதன்மை மெட்டு. லிண்டாவுக்குக் கிடைத்தது பத்து ஷில்லிங். 1962இல் வறுமையில் இறந்தார். வாரிசுகள் வழக்காடி 2006இல்தான் ஓர் உடன்படிக்கையும் பணமும் கிடைத்தன. சிறந்த பாடல் பட்டியல்களில் இசையமைத்தவர் பெயரைப் போடும் வழக்கம் எவ்வளவு பேரை விழுங்கிவிடும் என்பதற்கு இதைவிடப் பெரிய எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

எதிர்த்தரப்புக்கும் வலுவான சாட்சிகள் உண்டு. பீட்டில்ஸ் குழுவின் ‘யெஸ்டர்டே’ பாட்டை ஆயிரத்துக்கும் மேற்பட்ட கலைஞர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். யார் பாடினாலும் மெட்டு நிற்கிறது. பதிவு மட்டுமே பாட்டு என்றால் இது எப்படி என்று கேட்கலாம். அதைவிடச் சிக்கலானது லெனர்ட் கோஹனின் ‘ஹல்லேலூயா’. 1984இல் அது இடம்பெற்ற தொகுப்பை அவருடைய நிறுவனமான கொலம்பியா அமெரிக்காவில் வெளியிடவே மறுத்துவிட்டது; அங்கே ஒரு சிறு நிறுவனம்தான் வெளியிட்டது. அந்தப் பதிவில் மின்னணு விசைப்பலகையும் கனமான கோரஸும் பாட்டைப் போர்த்தி மூடியிருக்கின்றன. ஜான் கேல் 1991இல் கோஹனிடம் வரிகளைக் கேட்டார். பக்கம் பக்கமாக வந்து சேர்ந்த சரணங்களிலிருந்து தனக்குப் பிடித்தவற்றைப் பொறுக்கி, பியானோ ஒன்றையே துணைகொண்டு பாடினார். ஜெஃப் பக்லி கேட்டது கோஹனை அல்ல, கேலை. 1994இல் அவர் ஒற்றை எலெக்ட்ரிக் கிட்டாரோடு பாடிய பதிவுதான் உலகம் இன்று மனத்தில் வைத்திருக்கும் ‘ஹல்லேலூயா’. 2008 டிசம்பரில் பிரிட்டனில் தொலைக்காட்சிப் போட்டியில் வென்ற அலெக்ஸாண்ட்ரா பர்க்கின் பதிவு முதலிடம், பக்லியின் பதிவு இரண்டாமிடம், கோஹனின் மூலப் பதிவு 36ஆம் இடம் என்று மூன்றும் ஒரே வாரத்தில் பட்டியலில் நின்றன.

இது எழுத்தின் வெற்றி என்று ஒருவர் வாதிடலாம், பாதி உண்மை. எழுத்து நன்றாக இருந்தும் அது வெளியே வர ஏழு ஆண்டும் இன்னொருவரின் தேர்வும் தேவைப்பட்டன. மூன்றாம் நபரின் குரல் வரும்வரை அது பெரும் கூட்டத்தைச் சென்று சேரவில்லை. இங்கே சிறந்தது கோஹனின் எழுத்தும் பக்லியின் பதிவும். கோஹனின் பதிவு அல்ல. இரண்டையும் ஒரே வரியில் எழுதி ஓர் எண் கொடுக்கும் பட்டியல் இதைச் சொல்ல முடியாது.

இனி அளவுகோல்கள். விற்பனையை முதலில் தள்ளிவிடலாம். விட்னி ஹூஸ்டனின் ‘ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ’ 1992இல் தொடங்கி 14 வாரம் பில்போர்டின் உச்சியில் இருந்தது. 1996இல் ‘மகரெனா’வும் அதே 14 வாரம் உச்சியில் இருந்தது. முன்னது வாத்தியம் ஏதுமின்றி வெறும் குரலில் முக்கால் நிமிடம் நிற்கத் துணிந்த பதிவு. பின்னது கல்யாண வீட்டு ஆட்டத்துக்கு நல்லது. மறுபுறம் ‘லைக் எ ரோலிங் ஸ்டோன்’, ‘பி மை பேபி’ இரண்டும் இரண்டாமிடத்தைத் தாண்டவில்லை. சக் பெர்ரியின் ‘ஜானி பி. குட்’ 1958இல் எட்டாமிடம்தான். 1977இல் வாயேஜர் விண்கலங்களில் பூமியின் இசையாக அனுப்பிய தங்கத் தட்டில் இடம்பெற்ற ராக் பாட்டு அதுதான். வார விற்பனை அந்த வாரத்தைப் பற்றிச் சொல்லும்; அதற்குமேல் அதனிடம் கேட்பது நியாயம் இல்லை.

மக்கள் வாக்கு இன்னும் வழுக்கல். 2002இல் பிபிசி உலக சேவை தன் எழுபதாம் ஆண்டை ஒட்டி, உலகின் தலைசிறந்த பாடல் எது என்று நேயர்களிடம் கேட்டது. முதலிடம் பிடித்தது அயர்லாந்தின் தேசியவாதப் பாடலான ‘எ நேஷன் ஒன்ஸ் அகெய்ன்’, தி வுல்ஃப் டோன்ஸ் குழு பாடியது. மின்னஞ்சலில் நடந்த பிரசாரம் அதை மேலே தள்ளியது. இரண்டாமிடம் ‘வந்தே மாதரம்’. மூன்றாமிடம் ‘தில் தில் பாகிஸ்தான்’. நான்காமிடம் ‘தளபதி’ படத்தின் ‘ராக்கம்மா கையத் தட்டு’. ஐந்தாமிடம் திருமலை சந்திரனின் ஈழப் பாடல் ‘பூவும் நடக்குது பிஞ்சும் நடக்குது’. ஏ.ஆர். ரகுமானின் ‘சய்ய சய்யா’ ஒன்பதில் வந்தது. குயீன் குழுவின் ‘பொஹீமியன் ராப்சடி’ பத்தாமிடத்தில் ஒட்டிக்கொண்டது.

தமிழர்களுக்கு இதில் பெருமை உண்டு. தமிழ்ப் பத்திரிகைகள் அந்த நான்காமிடத்தை இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கின்றன. ஆனால் அந்த முடிவு காட்டியது, 2002இல் எந்தெந்தச் சமூகங்கள் உலகெங்கும் பரவியிருந்தன, இணையத்தில் ஒருங்கிணைந்திருந்தன என்பதையே. ‘ராக்கம்மா’ சிறந்த பதிவு என்பதற்கு வேறு காரணம் இருக்கிறது. ஆட்டம் போடும் கூட்டத்தின் பாட்டு, எஸ்.பி. பாலசுப்ரமணியமும் ஸ்வர்ணலதாவும் வாலியின் வரிகளைத் துள்ளலாகப் பாடிக்கொண்டிருக்கும்போதே, அப்பர் தேவாரத்துக்கு வழிவிட்டு அமர்ந்து, மறுபடி எழுந்து ஆடுகிறது. இளையராஜா அந்த இரண்டு உலகங்களையும் தையல் தெரியாமல் ஒரே பதிவில் வைத்திருக்கிறார். வாக்கு எண்ணிக்கையில் இந்தக் காரணம் எங்கும் பதிவாகவில்லை. அதே பாட்டு நாற்பதாம் இடம் வந்திருந்தாலும் இந்தத் தகுதி குறைந்திருக்காது.

நிபுணர் வாக்கு இதற்கு மாற்று என்று தோன்றும். ‘ரோலிங் ஸ்டோன்’ 2004இல் 172 பேரிடமும் 2021இல் 250க்கும் மேற்பட்டோரிடமும் வாக்குக் கேட்டது. இரண்டாம் பட்டியலின் 500 பாடல்களில் 254 முந்தைய பட்டியல்களில் இல்லாதவை. பாதிக்கு மேல்! பதினேழு ஆண்டில் பழைய பாட்டுகள் கெட்டுப்போகவில்லை, வாக்களிப்போர் மாறினார்கள். முதல் பட்டியலில் கிட்டார் ராக் நிறைந்திருந்தது. இரண்டாவதில் ஹிப்ஹாப்பும் பெண்களின் பாடல்களும் கூடின, ‘கசோலினா’ போன்ற ஸ்பானியப் பாட்டும் உள்ளே வந்தது. இரண்டாம் பட்டியல் முதலாவதைவிட மேலானது. ஆயினும் அதுவும் பெரும்பாலும் ஆங்கிலம் பேசும் உலகின் பட்டியலே. தலைப்பில் ‘எல்லாக் காலத்துக்கும்’ என்று போடுவோர் எந்த மொழிகளுக்குள் தேடினார்கள் என்பதையும் போடுவது நேர்மை.

அப்படியானால் ஒரு பதிவில் எதைக் கேட்பது? மைக்கேல் ஜாக்சனின் ‘பில்லி ஜீன்’ இதற்கு நல்ல பாடம். முதலில் டிரம்ஸ் மட்டும் தனியாக வருகிறது. லியான் ‘இண்டுகு’ சான்ஸ்லர் வாசித்த அந்த ஸ்னேர் ஒலி ஓரிரு அடிகளிலேயே இன்ன பாட்டு என்று சொல்லிவிடும். பிறகு பேஸ் கிட்டார், பிறகு விசைப்பலகையின் நான்கு கார்டுகள், குரல் வர ஏறக்குறைய அரை நிமிடம். முகப்பு நீளம் என்று தயாரிப்பாளர் குவின்ஸி ஜோன்ஸ் நினைத்தார். அதைக் கேட்டால்தான் ஆடத் தோன்றுகிறது என்று ஜாக்சன் விடவில்லை. ஒலிப்பொறியாளர் புரூஸ் ஸ்வீடியன் அந்தப் பாட்டை 91 முறை மிக்ஸ் செய்ததாகவும் கடைசியில் இரண்டாவது மிக்ஸே வெளியானதாகவும் சொல்லியிருக்கிறார். வரிகளைத் தாளில் படித்தால் சாதாரணமான கதை: ஒரு பெண் குற்றம் சாட்டுகிறாள், அவன் மறுக்கிறான். பதற்றம் முழுவதும் ஒலியில் இருக்கிறது. விடாமல் நடக்கும் பேஸ், இடையிடையே மூச்சு வாங்கும் குரல், வெளியேற வழியில்லாமல் சுற்றிச் சுற்றி வரும் கார்டுகள் எல்லாம் சேர்ந்து, அந்த ஆண் சொல்வதை முழுதாக நம்பவிடாமல் செய்கின்றன.

இவ்வளவையும் சேர்த்துப் பார்த்தால் மூன்று கேள்விகள் தேறும். எல்லாவற்றுக்கும் ஒரே எடை இல்லை. முதன்மையானது, அந்தப் பதிவில் எடுத்த முடிவுகளில் எது இல்லாவிட்டால் பாட்டு சரிந்துவிடும் என்பது. ‘ரெஸ்பெக்ட்’டில் எழுத்தெழுத்தான உச்சரிப்பு, டிலனிடம் அந்தத் தயங்கும் ஆர்கன், ‘பில்லி ஜீன்’னில் அரை நிமிட முகப்பு என்று விரல் வைத்துக் காட்ட முடிய வேண்டும். காட்ட முடியாத இடத்தில் வாக்களிப்பவர் தன் இளமைப்பருவத்துக்கு வாக்களிக்கிறார் என்றே கொள்ளலாம்; அதில் தவறில்லை, அதற்குப் பட்டியல் தேவையில்லை. அடுத்தது, அதற்குப் பின் வந்த பாட்டுகள் அதிலிருந்து எதைக் கற்றுக்கொண்டன என்பது. மற்றவர் பாடும்போது பாட்டு தாங்குகிறதா என்பது துணைக் கேள்விதான். ‘யெஸ்டர்டே’ தாங்கும், ‘பில்லி ஜீன்’ அவ்வளவாகத் தாங்காது, அதனால் பின்னது தாழ்ந்துவிடாது.

காலச் சோதனையைப் பெரிதாகப் பேசுவது வழக்கம். அதிலும் எச்சரிக்கை வேண்டும். கேட் புஷ்ஷின் ‘ரன்னிங் அப் தட் ஹில்’ 1985இல் பிரிட்டனில் மூன்றாமிடம் பிடித்தது. 2022இல் ‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ தொடரில் வந்த பிறகு முதலிடம் பிடித்தது. இடைப்பட்ட 37 ஆண்டும் பதிவில் ஒரு நொடி மாறவில்லை. காலம் தேர்ந்தெடுக்கிறது என்று சொல்லும் இடங்களில் பல நேரம் தேர்ந்தெடுப்பவர் ஒரு படத்தயாரிப்பாளரோ விளம்பர நிறுவனமோதான். அப்படிக் கைதூக்கி விட ஆளில்லாமல் எத்தனையோ நல்ல பதிவுகள் கிடப்பில் கிடக்கின்றன.

இதிலிருந்து வாக்கெடுப்பு நடத்துவோருக்குச் சில நடைமுறைகள் பிறக்கின்றன. வாக்குச்சீட்டில் பாட்டின் பெயரோடு பாடியவர், பதிவான ஆண்டு இரண்டையும் எழுதச் சொல்வது முதல் தேவை. இசையமைப்பையும் வரிகளையும் பாராட்ட விரும்புவோருக்குத் தனிப் பட்டியல் இருக்கலாம். வெளியாகி ஐந்தாண்டாவது ஆகாத பதிவுகளை எடுத்துக்கொள்ளாமல் இருப்பது நல்லது. அச்சிடும்போது வாசித்தவர்களின் பெயர்களைச் சேர்க்க வேண்டும். ஹால் பிளேன் போன்றோர் நூற்றுக்கணக்கான வெற்றிப் பாட்டுகளில் வாசித்தும் அந்நாளைய இசைத்தட்டு உறைகளில் பெயர் இல்லாமல் போனார்கள். இத்தனைக்கும் பிறகு ஒருவர் வெறுமனே ‘ஹல்லேலூயா’ என்று எழுதி, கோஹனா கேலா பக்லியா என்று சொல்லாமல் விட்டிருந்தால், அந்த வாக்கைச் செல்லாத வாக்கில் சேர்த்துவிடலாம்.

இப்படிக்கு,
ஒரு நேயர்